பால் காய்ச்ச வந்தவர்கள்

ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி மாற மாட்டார்கள். தனமும் அவள் புருஷன் அரியமுத்துவும் அந்த ஒரு மாதத்தை நம்பியிருந்தார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சித்திரையிலிருந்தே பட்டணத்து ஜனங்கள் ரயிலேறி வந்து அரியலூரில் இறங்கினார்கள். வாடகை மூன்று மடங்காயிற்று. கடலை மண்டியில் அரியமுத்துவின் சம்பளம் ஏறவில்லை. வீட்டுக்காரர் வைரக்கண்ணு காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அன்றும் அரியமுத்து தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்தான்.

"மாட்டுக் கொட்டாய வெள்ளையடிச்சு வாடகைக்கு வுட்டுட்டாங்க. அதுக்கும் ஆள் வந்துடுச்சு."

"மாடு?"

"வெளியில நிக்குது. நம்மள மாதிரி அதுவும் எடம் பாக்குது."

தனம் சிரிக்கவில்லை. "ஆடி பொறக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை அவன் மண்டிக்குப் போன பிறகு வைரக்கண்ணு வந்தார். கூட ஒரு பட்டணத்து அம்மாள். கையில் புதுப் பித்தளைச் சட்டி, சொம்பில் பால்.

"ஜானகியம்மா. மெட்ராசுலேருந்து வந்திருக்காங்க. பால் மட்டும் காய்ச்சிக்கிறாங்க, தங்கச்சி. ஆடி கழிச்சுத்தான் வருவாங்க."

"சிரமம் கொடுக்கறோம்" என்றாள் ஜானகி. "ஒரு மாசமா சத்திரத்துல கெடக்கறோம். வெறகுகூட எடுத்துட்டு வரல."

வாசலில் பாலோடு நிற்பவளை எப்படிப் போகச் சொல்வது? தனம் தன் விறகை வைத்து அடுப்பை மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை ஜானகி அவளுக்குத்தான் கொடுத்தாள். தனம் குடித்தாள். நல்ல பால்.

சாயங்காலம் அரியமுத்து அடுப்பு மேட்டில் இருந்த சட்டியைப் பார்த்தான்.

"யாருது?"

தனம் சொன்னாள்.

"ஆடி கழிச்சுத்தான் வருவாங்களாம்."

"ஆனியிலயே பால் காய்ச்சிட்டாங்க, தனம். குடி வந்ததா கணக்கு. இனிமே எந்த மாசத்துலயும் சாமான எறக்கலாம்." சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அடுப்ப யாரு மூட்டுனது?"

"நான்தான்."



தனம் சட்டியை எடுத்தாள். அடியில் பால் தீய்ந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"அவங்க இங்க வந்துட்டா சத்திரத்துல எடம் காலியாவும்ல?"

"இதுக்குள்ள யாராவது சொல்லி வெச்சிருப்பாங்க."

"கேட்டுத்தான் பாருங்களேன்."

அரியமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினான்.