தாலியில் நாலு குண்டு

ஆடிப் பதினெட்டன்று லீவு கேட்டால் நகைக்கடையில் சிரிப்பார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் தாலிக்குக் குண்டும் காசும் வாங்க வருகிற நாளில், தாலி கவுன்டரில் நிற்கிற மலர்கொடிக்கு லீவாம் லீவு. அதனால் அம்மா சின்னப்பாப்பா விடியற்காலையிலேயே மகளை உட்காரவைத்துத் தாலியைப் பிரித்துக் கோர்த்தாள். கல்யாணத்தில் போட்டது இரண்டு பொன் குண்டு. புதுச் சரட்டில் இன்னும் இரண்டு ஏறின.

அவை எங்கிருந்து வந்தன என்று மலர்கொடி கேட்கவில்லை. அம்மாவின் காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருந்தது. முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தவளிடம் இருந்த பொன் அவ்வளவுதான். அதையும் பத்தரிடம் உருக்கக் கொடுத்துவிட்டாள், பிடிவாதக்காரி.

"மூணு நாளைக்கு வெளிய எடுத்துப் போடாத. யாரு கேட்டாலும் சொல்லாத. கண்ணு பட்டுடும்" என்றாள்.

மலர்கொடி சரட்டை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஓடிப்போய்த் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தாள்.

கடையின் பின்வாசலில் ஒரு நோட்டு உண்டு. வேலைக்கு வருகிறவள் தன் மேல் என்ன பொன் போட்டிருக்கிறாள் என்று தினமும் அதில் எழுதியாக வேண்டும். எழுதினதற்கு மேல் சாயங்காலம் ஒரு குண்டுமணிப் பொன் கூடியிருந்தாலும் அது கடைப் பொருள்.

செக்யூரிட்டி சரஸ்வதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேத்து போட்டதுதானம்மா? மாத்தம் இருக்குதா?"

பின்னால் முப்பது பேர் நின்றார்கள். அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. "அதேதாங்கக்கா."

சரஸ்வதி 'மேற்படி' என்று எழுதினாள். பாவி மகள், அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்றைக்குக் கடையில் கூட்டமான கூட்டம். உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததால் ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தவள்தான் யாருமில்லை. பதினோரு மணி நேரம் நின்று, மலர்கொடி ஊரார் தாலிக்கெல்லாம் குண்டு பொறுக்கிக் கொடுத்தாள். கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் சரஸ்வதி நீட்டுகிற துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் முழுச் சோதனை. மலர்கொடிக்குச் சிவப்பு வந்தது. சரஸ்வதி சரட்டை வெளியே இழுத்து எண்ணினாள். நாலு.

மேனேஜர் சுப்ராயனின் அறையில் ஏசி ஓடியது. "பில் இருக்குதா?"

"எங்க அம்மா கம்மல உருக்கிச் செஞ்சது சார். பத்தர் பில்லெல்லாம் தரமாட்டாரு. போன் போட்டு வேணா கேளுங்க."

"நீ நிக்கிறது தாலி கவுன்டர். காலையில நோட்டுல ரெண்டு, இப்ப நாலு. நான் என்னம்மா செய்யறது?"

"குண்டுப் பெட்டிய இப்பவே எடை போட்டுப் பாருங்க சார்."

"சில்லறை உருப்படிய சனிக்கிழமைதான் போடுவோம். அதுவரைக்கும் உன்ன எங்க வச்சிருக்கிறது? ஸ்டேஷன்லயா?"

சுப்ராயன் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் வராது என்றார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மலர்கொடி பேனாவை வாங்கினாள். எடுக்காததை எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சரஸ்வதி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சரட்ட அறுக்காதீங்கக்கா. முடிச்ச நானே அவிழ்க்கிறேன்."

அம்மா விடியலில் போட்ட முடிச்சை அவளே அவிழ்த்தாள். இரண்டு குண்டும் கவுன்டர் பெட்டிக்குள் போயின.

கால் வலி, ஒரு வாரம் லீவு என்று புருஷன் ராஜவேலிடமும் அம்மாவிடமும் சொல்லிவைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் உப்பளத்துக்குச் சோறு கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூட வேலை செய்த ஆரோக்கியசெல்வி.

"மலரு, குண்டுப் பெட்டிய எடை போட்டாங்க. ரெண்டு அதிகமா இருக்குதுடி. உன்னுதுதான்."

மலர்கொடி போனோடு வரப்பில் நாலடி தள்ளிப் போனாள். "சார் என்ன சொன்னாரு? என்னை வரச் சொன்னாரா?"

"நானும் கேட்டேன்டி. கொறஞ்சா யார பிடிக்கிறதுன்னு ரூல் இருக்குது, அதிகமானா யாருக்குத் தர்றதுன்னு ரூல் இல்லையாம். நீ எழுதின லெட்டரும் ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு. குண்ட ஸ்டாக்ல ஏத்திட்டாங்க."

போனை வைத்தாள். திரும்பி வந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"யாருடி, கடையிலயா? எப்ப வரச் சொன்னாங்க?"

"கால் சரியானதும்."

சின்னப்பாப்பாவுக்குச் சந்தோஷம். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த பெண்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளின் கழுத்தைப் பார்த்தாள்.

"மூணு நாளு எப்பவோ முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு உள்ளயே வச்சிருக்கிற? வெளிய எடுத்துப் போடு, நாலு பேரு பாக்கட்டும்" என்று உப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவளே சரட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.