மூன்றாம் பிரதிவாதி

மலேசியாவின் மூவார் நகர நீதிமன்றத் தாழ்வாரத்தில் பதினொரு பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தார்கள். சோபா தொழிற்சாலையில் உறை தைத்தவர்கள். சல்பியா வாங்கி வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கை துடைக்கத் தாள் இல்லாமல் ஒருத்தி தன் முக்காட்டு நுனியையே யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சல்பியா இருபத்திரண்டு வருடம் தையல் பிரிவின் மேற்பார்வையாளர். சம்பளத்தில் சேமநிதிக்கென்று பிடித்த பணத்தை முதலாளி குவெக் பதினாலு மாதமாகக் கட்டவே இல்லை என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பயந்து பின்வாங்கியவர்களை ஒவ்வொருத்தியாக இழுத்துக்கொண்டுபோய்ப் புகார் கொடுக்க வைத்தாள். கம்பெனி திவாலாகி, கடன்காரர்கள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும் விடவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு ஐம்பத்தைந்து. சேமநிதியை எடுத்துத்தான் அடமானத்தில் இருக்கும் வீட்டை மீட்க வேண்டும்.

"இன்னைக்கு அந்தாளு மூஞ்சிய நேருக்கு நேரா பாக்கணும்க்கா," என்றாள் பக்கத்தில் இருந்த ரொஹாயா.

"வந்தாத்தானே. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல மகன் வீட்டுக்குப் போய் மூணு மாசமாச்சு," என்றாள் சல்பியா.

உள்ளே சேமநிதி வாரியம் போட்ட வழக்கைக் கூப்பிட்டார்கள். முதல் பிரதிவாதி, கம்பெனி, யாரும் வரவில்லை. இரண்டாம் பிரதிவாதி, இயக்குநர் குவெக், அவரும் இல்லை. மூன்றாம் பிரதிவாதி, இயக்குநர் சல்பியா பிந்தி தாவுட்.

பெண்கள் சல்பியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அவளும் எழுந்தாள். அழைப்பாணை அவளுடைய பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சேமநிதியின் வக்கீல் கோப்பைக் காட்டினாள். அதில், இயக்குநராகச் சம்மதித்த படிவத்தில் இருந்த கையெழுத்து சல்பியாவுடையதேதான்.

போட்ட நாள்கூட நினைவிருந்தது. குவெக்கும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்த வாரம் அது. கம்பெனிக்கு இரண்டு இயக்குநர் வேண்டும் என்பது அப்போதைய சட்டம். குவெக் அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கூடப்பிறந்தவனைவிட உன்னைத்தான் நம்புகிறேன் என்றார். சம்பளம் கூடவில்லை, இயக்குநர் என்று பெயர் அட்டை மட்டும் ஒரு டப்பா அச்சடித்துக் கொடுத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடு அறுத்து, துஆ ஓதி, தெருவுக்கே சோறு போட்டாள். ரொஹாயா அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"நான் தையல் மிஷினைத்தாம்மா பாத்தேன். கம்பெனிய இல்ல."

வக்கீலுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேரு இருந்தா பொறுப்பும் இருக்கும்மா. அவரு வரலைன்னா முழுத் தொகையும் உங்ககிட்டதான் கேப்போம்." கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகலாம், அவளையே திவாலாக்கவும் முடியும் என்றாள்.

"உனக்குத் தெரியாதாக்கா?" என்றாள் ரொஹாயா. அதில் கோபம் இல்லை. அதுதான் சல்பியாவுக்குத் தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீதிபதி மூன்று வாரம் தவணை கொடுத்தார். யார் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பட்டியலை வக்கீல் அவள் கையில் கொடுத்தாள். தொண்ணூற்று நான்கு பேர். வேலைக்குச் சேர்ந்த வரிசையில் அடுக்கியிருந்தார்கள். பெண்கள் சுற்றி நின்று அவரவர் பெயரைத் தேட, சல்பியா தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து படித்தாள்.

முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. பதினாலு மாதப் பாக்கி, சல்பியா பிந்தி தாவுட்டுக்குச் சல்பியா பிந்தி தாவுட் கட்ட வேண்டும்.