தூக்கம் வராத கூட்டம்

விடியற்காலை நாலு மணிக்கு அந்த ஐஸ் ஃபேக்டரிக்குள் நுழைந்தால் நம் மூச்சே நமக்கு முன்னால் வெள்ளையாக நடந்து போகும். கொக்கிக்கு அது பழகிவிட்டது. இரும்புக் கொக்கியை மாட்டி ஐஸ் பாளங்களை வண்டிவரை இழுப்பது அவன் வேலை. பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷமாக அவன் இழுத்ததையெல்லாம் அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் படிக்கட்டே கட்டியிருக்கலாம், கைப்பிடிச் சுவரோடு. காலில் ரப்பர் செருப்பு, கையில் சாக்குத் துண்டு. கையுறை கேட்டவர்களுக்கு முதலாளி வேறொன்று கொடுத்தார்: வேலை தொடங்குமுன் மேஸ்திரி கையால் ஆளுக்கொரு கிளாஸ் சாராயம். "குளிருக்கு மருந்து" என்பார்.

அந்த மருந்து போன வாரம் கொக்கிக்குள் மூன்று கிளாஸாகப் போயிருந்தது. கை வழுக்கியது. பாளம் கூட்டாளி நெட்டையின் பாதத்தில் இறங்கியது. இரண்டு விரல் போயிற்று.

முதலாளி கூப்பிட்டார். "குடிகாரனுக்கு இங்க இடமில்ல. குடியை விடுறவங்க கூட்டம் நடக்குதாமே, அங்க போ. போனதுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வா. மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேற எடம் பாத்துக்கோ."

"சரிங்க முதலாளி. காலையில ஊத்துற கிளாஸு?"

"அது மருந்துடா!"

விடவேண்டும் என்று கொக்கிக்கும் ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. நெட்டையின் கட்டுப்போட்ட காலைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. சாராயம் மட்டும் வெட்கமில்லாமல் இறங்கியது.

கூட்டம் தேடிக் கிளம்பினான். முதல் கூட்டம் காலை ஆறு மணிக்கு. "வேலைக்குப் போறவங்க வசதிக்காக" என்று பலகையில் எழுதியிருந்தது. ஆறு மணிக்கு அவன் நாற்பதாவது பாளத்தில் இருப்பான். இரண்டாவது கூட்டம் ஊரின் மறுகோடியில். பஸ் மாறி மாறி அவன் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, மாலை ஐந்து மணி, பக்கத்திலேயே. நல்ல மனிதர்கள். கம்பளம் விரித்த அறை, மூடிய ஜன்னல், இதமான சூடு. அங்கேதான் வந்தது வினை. விடிந்ததிலிருந்து ஐஸில் விறைத்த உடம்பு, சூடு பட்டதும் வெண்ணெயாகிவிட்டது. முதல் ஆள் "நான் குடிக்க ஆரம்பிச்சப்போ" என்றதுதான் காதில் விழுந்தது. அதற்கப்புறம் கொக்கி விட்ட குறட்டையில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடியதாகச் சொல்கிறார்கள். நான் பாதியைத்தான் நம்புகிறேன்.

கூட்டம் நடத்துகிறவர் தோளைத் தொட்டார். "ஐயா, குடிச்சிட்டு வரக்கூடாதுங்க."

"குடிக்கலைங்க. இங்க கதகதன்னு இருக்குதுங்க."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க."

கையெழுத்து கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நின்றுகொண்டே கேட்டான். நின்றுகொண்டே தூங்கி, டீ மேசையோடு சாய்ந்தான். வாசலில் யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. நேராகக் கடைக்குப் போய்க் குடித்தான்.

நெட்டை கம்பு ஊன்றி வேலைக்குத் திரும்பிய அன்று கொக்கி அவனுக்கு முகம் கொடுக்கவில்லை.

"என்னாலதான்டா உன் காலு..."

"உன் கையில எதுக்குடா கிளாஸைத் திணிச்சாங்க? அதக் கேக்காம என் காலப் பாத்து அழுவுறான்." நெட்டை சிரித்தான். "கூட்டம் போடத் தூங்க முடியாத எடம் ஒண்ணு வேணும். அவ்வளவுதானே? இந்த எடத்த விட்டா உலகத்துல ஏதுடா?"

உறைந்த தகரப் பெட்டிகளைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால், ஐஸ் இளகிக் கழல ஒரு பீடி நேரம் ஆகும். அந்த நேரத்தில் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். அதில் ஐஸின்மேல் மரத்தூள் கொட்டுகிற அக்காவும் ஒருத்தி. "நான் குடிக்கிறதில்ல. என் வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுக்குப் பதிலா நான் உக்காருறேன்" என்றாள். மேஸ்திரி தட்டில் கொண்டுவந்த கிளாஸை அன்று ஒருவரும் தொடவில்லை.

முதலாளி வந்தார். "என்ன இது, சங்கமா?"

"குடியை விடுறவங்க கூட்டம் முதலாளி. நீங்கதான் போகச் சொன்னீங்க" என்றான் கொக்கி.

"வெளியில போகச் சொன்னேன்!"

"வெளியில தூக்கம் வந்துடுதுங்க."

"குடிக்காம இந்தக் குளிரத் தாங்குவீங்களாடா?"

"தாங்காதுங்க" என்றாள் அக்கா. "அதான் கையுறையும் பூட்ஸும் கேக்குறோம். எல்லாருக்கும்."

"கையெழுத்து யாரு போடுவா?"

"ஏழு பேரும்."

"செல்லாது. மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்." கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வட்டம் அசையவில்லை. மாசக் கடைசிக்கு நாலு நாள். கொக்கி பேச வாய் திறந்தான். பல்தான் கிடுகிடுத்தது. கிளாஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பேனா என்று அவனுக்கே தெரியவில்லை. நெட்டை அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது தட்டோடு மூலையில் நின்ற மேஸ்திரி இருமினார். முதலாளியின் ஆள், ஒழுக்கத்தின் தூண் என்று எல்லாரும் நம்பிய மனிதர்.

"ஊத்துறவன் நான்தான்" என்றார். "நீங்க வச்சுட்டுப் போற மிச்சத்தையெல்லாம் தெனமும்..." தட்டைப் பார்த்தார். "எனக்கும் நிறுத்த முடியலப்பா."

யாரும் சிரிக்கவில்லை. கொக்கி நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்க மேஸ்திரி" என்றாள் அக்கா. "தட்டக் கீழ வச்சிட்டு உக்காருங்க."