எதிர்வேட்பாளரின் இரங்கல்

வக்கீலின் இடது கன்னம் மழித்து முடிந்திருந்தது. வலது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. சலூன்காரர் கத்தியும் கையுமாக வாசலுக்குப் போய், யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினார். கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் வைத்தார். காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"குழாய்க்காரர் போயிட்டாரு சார். ஆபீஸ்லயே. பேனாவைக் கையில பிடிச்ச மேனிக்கு."

மீதிக் கன்னத்தையும் முடித்துவிடு என்று சொல்ல வக்கீலுக்கு வாய் வரவில்லை. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு பாதி முகத்தோடு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. சாத்தச் சொல்லி யாரும் கொடியோடு வந்து மிரட்டவில்லை, அவரவரே இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் சார் ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றார். தோற்கடித்தவன் செத்தால் தோற்றவனுக்கு என்ன கஷ்டம் என்று வக்கீல் நினைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பவேண்டிய முனையைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்தார்.

இருபத்து மூன்று வருடம் அந்த ஊரின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் இறந்துபோனவர். ஐந்து தேர்தல். ஐந்திலும் அவரை எதிர்த்து நின்றவர் இந்த வக்கீல்தான். 'குழாய்க்காரர்' என்ற பெயரை வைத்ததுகூட அவர்தான். முதல் தேர்தலில், தெருத் தெருவாகப் போய்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று அந்த மனிதர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மேடையேறி, "நாம தேடுறது சட்டசபைக்கு ஆளா, குழாய் மாட்டுறதுக்கு ஆளா?" என்று கேட்டார் வக்கீல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலை ஊர்ச் சுவரெல்லாம் 'உங்கள் குழாய்க்காரர்' என்று எழுதியிருந்தது. எழுதியது எதிராளியின் ஆட்கள். அன்றைக்கே பாதி தேர்தல் முடிந்துவிட்டது என்பது வக்கீலுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

சொன்னபடி குழாய் போட்டார் மனிதர். மழையில் முழங்கால் சேற்றில் பள்ளத்துக்குள் நின்று, இணைப்பு கசிகிறதா என்று தடவிப் பார்த்தார். பிரசவத்துக்கு மூன்று மணி நேரம் பயணம் போன ஊருக்கு மகப்பேறு மருத்துவமனை கொண்டுவந்தார். பாலம் கொண்டுவந்தார். பம்ப் அறையில் வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர்வரை மனப்பாடமாக வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தல் முடிவுக்கும் மறுநாள் தனியாக வக்கீல் வீட்டுக்கு வந்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "காபி கிடைக்குமா தங்கச்சி?" என்று வக்கீலின் மனைவியிடம் கேட்பார். "அடுத்த தடவை பார்க்கலாம் வக்கீலே" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு மூன்று நாளைக்கு வக்கீலைத் தூங்கவிடாது.

வக்கீல் கையில் இன்னொரு பட்டியலும் இருந்தது. ஒப்பந்த வேலைகளெல்லாம் குழாய்க்காரரின் மைத்துனருக்கே போன பட்டியல். மாட்டேன் என்று சொன்ன அதிகாரிகள் இரவோடிரவாக மாற்றலான பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலே, வாய்க்கால் ஓரத்து நாற்பத்திரண்டு வீடுகள். பிரதானக் குழாய் போகிற வழியில் இருந்ததால் இருபது வருடத்துக்கு முன்பு இரண்டே நாளில் இடித்து, அந்தக் குடும்பங்களைக் கல்குவாரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் வந்தது. அந்த மேட்டுக்கு மட்டும் வரவில்லை. பம்புக்கு அவ்வளவு உயரம் ஏற்றுகிற சக்தி கிடையாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பொறியாளர் அடுத்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார். பதினோரு வருடம் அந்தப் பெண்கள் கீழே இறங்கிக் குடம் சுமந்தார்கள். அவர்களுக்காக வழக்கு நடத்தியது வக்கீல். நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் சொன்னது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் பாதிக் கிழவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

வீட்டில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவருடைய பாதி முகத்தைப் பார்த்தாள். ஷேவிங் சாமான்களை எடுத்துவந்து வைத்தாள். அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும், பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு தடவை அவருக்குப் போட்டிருக்கேன்."

"என்ன?"

"ஓட்டுதான். பாலம் கட்டின வருஷம்."

கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தார். "ஒரு தடவைதானா?"

"அதெல்லாம் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வக்கீலுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்த சிரிப்பில் கன்னம் கீறிக்கொண்டது.

மாலையில் அவருடைய கட்சியின் நகரச் செயலாளர் வந்தார். ஐம்பது வயது ஆள், எதையும் தேர்தல் தேதியிலிருந்து பின்னோக்கி யோசிக்கிறவர். நகர மண்டபத்தில் நாளை மறுநாள் எல்லாக் கட்சி இரங்கல் கூட்டம் என்றும், வக்கீலும் பேச வேண்டும் என்று குடும்பத்தாரே கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும், மேலிடத்தில் வக்கீல் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை என்றார். அதனால் நல்லதை மட்டும் பேச வேண்டும், இந்தச் சமயத்தில் குறை சொன்னால் ஊரே திரும்பிவிடும் என்றார். "மேட்டுக்காரங்க விஷயத்தை மட்டும் வாயிலயே எடுக்காதீங்கண்ணே. பிரசாரத்துக்கு வச்சுக்கலாம்."

மறுநாள் காலை மேட்டிலிருந்து தையல்காரம்மா வந்தார். வழக்கில் முதல் கையெழுத்து அவருடையது. அதனால் வக்கீல் அவரை 'முதல் மனுதாரர்' என்றே கூப்பிடுவார். அந்த அம்மாளுக்கும் அந்தப் பட்டம் பிடிக்கும். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துக் கண்ணில் கனமான கண்ணாடி ஏறியிருந்தது. அன்றைக்கு மேட்டுக்காரர்கள் எல்லாரும் அடக்கத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். வக்கீல் காதில் சரியாக விழவில்லையோ என்று திரும்பக் கேட்டார்.

"ஆமா சார். எல்லாரும்தான் போறோம்."

"அவர் உங்க வீட்டை இடிச்சவரும்மா."

"அதனாலதான சார் போறோம்." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தபடியே மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். வீடுகளை இடித்த அந்தத் தேதியில், ஒவ்வொரு வருடமும் அவர் மேட்டுக்கு வருவாராம். கொடி கிடையாது, கூட ஆள் கிடையாது. காரைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வருவார். யாராவது ஒரு ஸ்டூலைப் போடுவார்கள். உட்கார்ந்துகொள்வார். அதன் பிறகு ஆளாளுக்குத் திட்டுவார்கள். குடம் தூக்கி இடுப்பு போனவள் திட்டுவாள், மாமியாரைப் பறிகொடுத்தவள் திட்டுவாள், குடித்துவிட்டு வந்த ஒருவன் ஒருமுறை சட்டையையே பிடித்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். பதினோராம் வருடம், தீர்ப்பு இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்தபோது, இரண்டாவது பம்ப் வைக்க ஆளைக் கூட்டிவந்து அவரே பக்கத்தில் நின்றார். தண்ணீர் வந்த பிறகும் வருகிறதை நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேட்டாரா?"

"ஒரு தடவைகூட இல்ல." தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வந்தாரு. அவ்வளவுதான். இனிமே நாங்க யாரைத் திட்டுறது சொல்லுங்க."

இதை ஏன் இத்தனை வருடம் தன்னிடம் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். சொன்னால் கேஸ் கெட்டுவிடுமோ என்று முதலில் பயம், பிறகு வக்கீல் சார் மனசு கெட்டுவிடுமோ என்று பயம் என்றார் அந்த அம்மாள். போகிறபோது வாசலில் நின்றார். "நாளைக்கு நீங்க பேசுறீங்களாமே. நல்லதை நிறையச் சொல்லுங்க, நிறைய இருக்கு. ஆனா எங்களை விட்டுடாதீங்க சார். விட்டுட்டா நாங்க அங்க குடிபோனதே தானா போன மாதிரி ஆயிடும்."

அவர் போன பிறகு வக்கீல் அந்த வழக்கின் கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டு வருடம் வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா அவர்கள்தான் அவருடைய அலுவலகத்துக்கு வந்தார்கள், நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தார்கள். அளவு, வரைபடம், புகைப்படம் எல்லாம் கட்டுக் கட்டாக மேசைமேல் இருந்தன. அந்த மேட்டில் எத்தனை படி, எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்று எதிர்த் தரப்புக்காரருக்குத் தெரிந்திருந்தது. இவருக்குத் தெரியாது. ஒருநாளும் ஏறியதில்லை.

மண்டபம் நிரம்பி, ஜன்னல்களுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் இறந்தவரின் மனைவி, பக்கத்தில் மைத்துனர். கடைசி வரிசையில் மேட்டுப் பெண்கள். வக்கீலுக்கு முன்னால் பேசிய ஏழு பேரும் அவரைச் சூரியன், ஆலமரம் என்று சொல்லிச் சொல்லி ஆளையே காணாமல் அடித்திருந்தார்கள். வக்கீல் எழுதிவந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அஞ்சு தடவை அவரிடம் தோற்றவன் என்ற தகுதியில் பேசுகிறேன் என்று ஆரம்பித்ததும் மண்டபம் லேசாகச் சிரித்தது. குழாய்க்காரர் என்று கேலிக்கு வைத்த பெயரை ஒரே இரவில் பட்டமாக மாற்றிக்கொண்ட கதையைச் சொன்னார். மருத்துவமனையைச் சொன்னார். தன் மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலானபோது அந்தக் கட்டடம் இல்லாதிருந்தால் இன்று பேரப்பிள்ளையும் இல்லை, மகளும் இல்லை என்று சொல்கையில் குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, வாய்க்கால் ஓரத்து நாற்பத்திரண்டு வீடுகள் என்றார்.

சலசலப்பு எழுந்தது. யாரோ உட்காரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். மைத்துனர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இறந்தவரின் மனைவி திரும்பிப் பார்க்காமலே அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

வக்கீல் பொறியாளர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். மாற்றலைச் சொன்னார். பதினோரு வருடத்தைச் சொன்னார். "கோர்ட்டுல அவரைப் பத்தி நான் சொன்னதுல ஒரு வார்த்தையையும் இன்னைக்கு வாபஸ் வாங்கல. அவரே இங்க இருந்தாலும் வாங்கச் சொல்ல மாட்டாரு." கடைசி வரிசையைப் பார்த்தார். "ஆனா நான் கோர்ட்டுக்குப் போனேன். அவர் மேட்டுக்குப் போனாரு. வருஷா வருஷம் தனியாப் போயி, திட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. இது எனக்கு நேத்துதான் தெரியும். செஞ்ச தப்புக்கு முன்னாடி போய் உக்கார்ற தைரியம் எனக்கு இருந்திருக்குமான்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். இருந்திருக்காதுன்னுதான் தோணுது. அஞ்சு தடவையும் ஜனங்க சரியாத்தான் போட்டிருக்காங்க."

யாரும் கைதட்டவில்லை. இரங்கல் கூட்டத்தில் கைதட்டுகிற வழக்கமில்லை என்பதாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியவில்லை. 

வெளியே தூண் பக்கத்தில் இறந்தவரின் மனைவி அவருக்காக நின்றிருந்தார். மெலிந்த உருவம், அழுது ஓய்ந்த முகம். அவர் வருடா வருடம் மேட்டுக்குப் போனது எந்தத் தேதி என்று கேட்டார். வக்கீல் சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு மட்டும் சாயங்காலம் வந்து எதுவும் சாப்பிட மாட்டாரு. வயிறு சரியில்லம்பாரு. இருபது வருஷமா நானும் கஷாயம் வச்சுக் குடுத்துட்டிருந்தேன்."

  பதிலுக்கு நிற்காமல் அந்த அம்மாள் காரை நோக்கிப் போய்விட்டார்.

செயலாளர் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. "பேச்சு நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நானே அழுதுட்டேன். ஆனா கடைசியில அப்படிச் சொல்லிட்டு, இனிமே எந்த வாயால ஓட்டுக் கேக்குறது?" மேலிடத்துக்கு நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும், நிற்கிறீர்களா இல்லையா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் வக்கீல். வீட்டில் விட்டுவிடுகிறேன் ஏறுங்கள் என்றதற்கு, நடந்து போய்க்கொள்கிறேன் என்றார்.

மேட்டுப் பெண்கள் சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வக்கீல் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவர்கள் பின்னால் நடந்தார். தையல்காரம்மா திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் நடையைக் குறைத்துக்கொண்டார். கல்குவாரி தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து பாறையில் வெட்டிய படிகள் தொடங்கின. ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம். முன்னே போன பெண்கள் பேச்சை நிறுத்தாமலே ஏறி மறைந்தார்கள். வக்கீலுக்கு நாற்பதாவது படியிலேயே மூச்சு இழுத்தது. ஒரு வளைவில், கால்களால் தேய்ந்து வழவழப்பாகியிருந்த கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சு நிதானப்படக் காத்திருந்தார். கீழே கூரைகளின்மேல் வெயில் சாய்ந்திருந்தது. மேலே பத்துப் படி தள்ளி, தையல்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா வாங்க சார்," என்றார். "இன்னும் பாதிக்கு மேல இருக்கு."