அமலதாசின் சாட்சி

அமலதாஸ் பாரிசிலிருந்து குரல் பதிந்து அனுப்பிய கசெற் 1993 மாசி மாதம் புத்தூருக்கு வந்து சேர்ந்தது. கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஊர் திரும்பிய ஒருவர் அதை உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். லூர்த்தம்மா மகனின் குரலைக் கேட்டு நான்கு வருடமாகியிருந்தது.

அவளும் கணவர் சிமியோனும் குருநகர்க்காரர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கட்டின உடுப்போடு வெளிக்கிட்டு, கடைசியில் புத்தூரில் செல்வநாயகி என்ற விதவையின் வளவுக்குள் ஒரு அறையில் தங்கினார்கள். செல்வநாயகி சைவம், வெங்காயத் தோட்டக்காரி. கடலுக்குப் போய் மீன்பிடித்த சிமியோன் இப்போது அவளுடைய தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரைச் செல்வநாயகியின் றேடியோவில் கொழுவினார்கள். அதிலேயே கசெற்றும் போடலாம், குரலும் பதியலாம். சிமியோன் பக்கத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றினார்.

"அம்மா, அப்பா, நான் இரட்சிக்கப்பட்டிட்டன்," என்றது அமலதாசின் குரல்.

அவன் ஒரு புதிய சபையில் சேர்ந்திருந்தான். வேதத்திலிருந்து வசனம் வசனமாக எடுத்துச் சொன்னான். பிறகு, "வீட்டிலை இருக்கிற அந்தோனியார் சுரூபத்தை எடுத்தெறியுங்கோ. ஊருக்கு வந்த அழிவெல்லாம் சிலை வணக்கத்தாலை வந்தது," என்றான்.

சிமியோனின் கை நின்றது. மகனின் குரல் இழுபட்டுத் தடித்து அடங்கிப் போயிற்று.

"உவனுக்கு விசர்," என்றார் சிமியோன்.

முற்றத்தில் நல்லது பழுதைப் பிரித்து வெங்காயம் தெரிந்துகொண்டிருந்த செல்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி எங்களையும் சேத்துத்தான் சொல்லுறான் போல," என்றுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

லூர்த்தம்மாவுக்கு முகம் சுட்டது. "இஞ்சருங்கோ, சுத்துங்கோ. முழுக்கக் கேப்பம்," என்றாள்.

"நான் மாட்டன்." அவர் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவள் தானே குந்தியிருந்து சுற்றினாள். கடைசிப் பகுதியில்தான் அமலதாஸ் தன்னுடைய சாட்சியை, தான் மனம் மாறின கதையை, சொன்னான். போன குளிர்காலம் நியுமோனியா வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். வாடகை அறையில் அவனோடு கூட இருந்தவர்களுக்கு வேலை, வர நேரமில்லை. பூசைக்குப் போகும் கோயிலில் தெரிந்தவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க வந்த அந்தச் சபைக்காரர்கள்தான் இவனுக்கும் ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுவந்து கொடுத்து, கட்டிலடியில் இருந்து செபித்திருக்கிறார்கள். கசெற் முடிந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் போனாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "சுவாமி, அவன் போனது பிழை எண்டுதான் நினைக்கிறன். ஆனா எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அவனைப் போய்ப் பாக்கேல்லையே," என்றாள்.

"என்ரை தங்கச்சியும் லண்டனிலை உப்பிடி ஒரு சபைக்குத்தான் போட்டா," என்றார் சுவாமி. "என்னைக் குருத்துவத்தை விடச் சொல்லிக் கடிதம் போட்டவ."

"நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"ஆறு மாசமாச்சு. இன்னும் ஒண்டும் எழுதேல்லை. என்ன எழுதினாலும் சண்டையா வருது."

கெட்டித்தனமான மறுமொழி ஒன்று கிடைக்கும் என்று போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். ஆனால் நடந்து வரும்போது, வாதாடாமல் உள்ளதை உள்ளபடி சொல்லலாமே என்று பட்டது.

வேறு கசெற் எங்கும் கிடைக்கவில்லை. மகன் அனுப்பியதன் மேலேதான் பதிய வேண்டும். சிமியோன் இதற்கும் பெடல் சுற்ற வரவில்லை. "நீ கதை, நான் சுத்துறன்," என்று செல்வநாயகி வந்து குந்தினாள்.

"அம்மா கதைக்கிறன் மோனை. உன்ரை குரலுக்கு மேலைதான் பதியிறன், குறை நினைக்காதை. நீ எறியச் சொன்ன சுரூபம் எங்களிட்டை இல்லை. நாங்கள் வெளிக்கிட்டு மற்ற நாள் வீட்டிலை ஷெல் விழுந்தது. கூரையோடை அதுவும் போச்சு. நீ கவலைப்படுவாய் எண்டு எழுதேல்லை. இந்த மூண்டு வருசமும் வெறுஞ்சுவருக்கு முன்னாலை நிண்டுதான் செபமாலை சொல்லுறன். நான் கும்பிட்டது மண்ணையில்லை எண்டு எனக்கு அப்பதான் வடிவாத் தெரிஞ்சது."

செல்வநாயகி பெடலில் கை மாற்றினாள். லூர்த்தம்மா தொடர்ந்தாள்.

"ஊர் அழிஞ்சது சிலையாலை எண்டு சொல்லாதை. பக்கத்து வீட்டு றோஸின்ரை பிள்ளை செத்தது. எட்டு மாசக் குழந்தை. அது எந்தச் சிலையைக் கும்பிட்டது? எங்களுக்கு இருக்க இடம் தந்தவ ஒரு சைவக்காரி. இப்ப கை நோக நோக இதைச் சுத்துறதும் அவதான்."

செல்வநாயகி சுற்றுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பிக்கொண்டாள். தோட்டப் பக்கமிருந்து வந்த சிமியோன், "விடுங்கோ அக்கா," என்று பெடலை வாங்கிச் சுற்றத் தொடங்கினார்.

"உனக்குச் சூப் தந்த சனத்துக்கு நான் நன்றி சொன்னன் எண்டு சொல்லு. அவையின்ரை பேரை எழுதி அனுப்பு, பூசையிலை வேண்டிக்கொள்ள. எங்கடை ஆக்கள் வராததுக்கு அம்மாவை மன்னிச்சுக்கொள் மோனை."

கசெற் கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் போயிற்று. ஆவணி மாதம் கடிதம் வந்தது.

"அம்மா, கசெற்றை இரண்டு தரம் கேட்டன். வீடு போனது எனக்குத் தெரியாது. ஊர் அழிவைப் பற்றி நான் சொன்னது பிழை. ஆனால் இந்தச் சபையை விட மாட்டன். நான் அநாதையாய்க் கிடந்த நேரம் வந்தவர்கள் இவர்கள்," என்று எழுதியிருந்தான். கீழே நாலு பேர்கள் இருந்தன. இரண்டு பிரெஞ்சுப் பேர், ஒரு மடகஸ்கார்க்காரர், ஒரு மட்டக்களப்புப் பெடியன்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பேர்களைச் சுவாமி தட்டித் தடுமாறி வாசித்தார். முன் வாங்கில் இரண்டு பேர் திரும்பி, ஆர் உவை என்று கேட்டார்கள்.

"என்ரை மோனைப் பாத்த ஆக்கள்," என்றாள் லூர்த்தம்மா.

அன்று பின்னேரம் சிமியோன் கொப்பியில் ஒற்றைத் தாளொன்று கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மகனுக்கு அவர் அதுவரை கடிதம் எழுதியதில்லை. வீட்டில் எந்தச் சுவர் நிற்கிறது, எது விழுந்தது, வள்ளம் என்னவாயிற்று என்று ஒன்றும் விடாமல் எழுதினார். சபையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதி முடித்ததும், "நீயும் ரெண்டு வரி எழுது," என்று பேனையை லூர்த்தம்மாவிடம் நீட்டினார்.