அண்ணிக்கு ஒத்துக்காத கோதுமை

எங்கள் குடும்பத்தில் கோதுமை ஆகாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், பிரதீபா. இன்னொருவர் என் கணவரின் அக்கா, பிரான்ஸில் இருக்கும் லோகாம்பாள் அண்ணி. எனக்குப் புதுச்சேரியில் ஒரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, குடலில் துணுக்கு எடுத்துச் சோதித்து, கோதுமைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணிக்கு அவருடைய சிநேகிதி சொன்னாள். இதில் யாருடைய வியாதி எங்கள் வீட்டில் செல்லுபடியாயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வியாதிக்குப் பெயர் தெரிவதற்கு முன்னால் நான் வெறும் சோகைக்காரி. சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும், ஓடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வந்த நாள்லேருந்து இவ இப்படித்தான்" என்று என் மாமியார் சௌந்தரவல்லி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பெயர் தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். மருந்து மாத்திரை வேண்டாம், கோதுமை, மைதா, ரவை, சேமியா இவற்றைத் தொடாமல் இருந்தால் போதும், குடல் தானாக ஆறிவிடும் என்றார் டாக்டர். துளி மாவு உள்ளே போனாலும் மறுபடி புண்ணாகும், இப்படியே விட்டால் எலும்பு வரைக்கும் பாதிக்கும் என்றும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டவர், "நெடுங்காடா? காரைக்கால் பக்கம், நெல்லு வெளையுற ஊராச்சே. உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று சிரித்தார்.

அவருக்கு எங்கள் ஊர் ராத்திரிச் சாப்பாடு தெரியாது. வாசலைத் தாண்டினால் வயல்தான், கூடத்தில் நெல் மூட்டைதான். ஆனால் வீட்டுக்கு வீடு சுகர். சுகர் இருக்கிற வீட்டில் ராத்திரிச் சோறு என்று பேச்செடுத்தால் அடிக்க வருவார்கள். சப்பாத்திதான். மாமியாருக்குச் சுகர். என் கணவர் சிவக்குமாருக்கு இன்னும் வரவில்லை, வந்துவிடுமோ என்ற பயத்தில் அவருக்கும் சப்பாத்தி. மகள் தமிழ்மொழி திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக, இந்த இரண்டு பேருக்காகத் தினமும் மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டுப் போடுகிறவள் நான். தேய்க்கும்போது பலகையில் தூவுகிற மாவு பறந்து என் மூக்கிலும் வாயிலும் போகும். அதே கல்லில்தான் எனக்குத் தோசை.

நான் கேட்டது கோதுமை மாவு இல்லாத ஒரு அடுப்படி. அவ்வளவுதான். கேழ்வரகில் தோசை ஊற்றலாம், பருப்பை நிறையப் போட்டு அடை தட்டலாம், குதிரைவாலியில் உப்புமா கிண்டலாம், சுகருக்கும் பாதகமில்லை, சப்பாத்தியைவிட வேலையும் பாதிதான் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒருத்திக்காக வீடே பத்தியம் இருக்கணுமா?" என்றார் மாமியார். என் கணவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சரி, எனக்கென்று தனியாக ஒரு தோசைக்கல்லாவது இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன். ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் இரண்டு கல்லிலும் சப்பாத்தி வேகிறது. "ரெண்டு கல்லு இருக்குறப்ப ஒண்ணையே கட்டிக்கிட்டு எதுக்குடி அழுவணும்? சீக்கிரம் ஆவுதுல்ல" என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணம் என்றால் சண்டையாவது போடலாம்.

ரசத்தில் பெருங்காயம் போடுவதை நிறுத்தினேன். கடையில் வாங்குகிற தூளில் மைதா கலந்திருக்கிறது, டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். "பெருங்காயம் இல்லாத ரசத்த மாடுகூடக் குடிக்காது" என்று மாமியார், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டுவிடுவார். இன்னொன்று மாவு மில். அரிசி, கேழ்வரகு அரைக்கிற அதே மெஷினில்தான் கோதுமையும் ஓடுகிறது. காலையில் திறந்ததும் மெஷினைத் துடைக்கச் சொல்லி, முதலில் ஒரு படி அரிசியை ஓடவிட்டுத் தள்ளிவிட்டு, அப்புறம் நம்முடையதை அரைத்தால் போதும். மில் இருப்பது என் கணவர் காரைக்காலுக்கு ஆபீஸ் போகிற வழியில். கெஞ்சிக் கேட்டேன். "மில்லுக்காரன் சிரிப்பான் பிரதீபா" என்றார். நான் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டு கிடந்தேன்.

இப்படி இரண்டு வருஷம். நல்ல நாளும் உண்டு, சுருண்டு படுக்கிற நாளும் உண்டு. படுத்தால், "மாவு பறந்துச்சாம், அம்மா படுத்துட்டா" என்பார் மாமியார்.

போன ஆடியில் அண்ணி வந்தார். அண்ணியின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்தக் குடியுரிமையில் மகனும் மருமகளும் பாரீஸ் பக்கம் போய்த் தங்கிவிட்டார்கள். அந்த ஊர்க் கோடை லீவில் எப்போதாவது வருவார்கள், இந்தத் தடவை அண்ணி மட்டும். கிளம்புவதற்கு முன்னால் போனில் சொன்னார்: "அம்மா, இங்கத்த பாஷையில சொன்னா நான் இப்ப 'சான் குளூத்தேன்'. கோதுமையே தொடுறதில்ல. தின்னா வயிறு உப்புது, மூஞ்சி வீங்குது. நிறுத்துனதுலேருந்து நாலு கிலோ குறைஞ்சிருக்கேன்."

மாமியார் பதறிப்போனார். மறுநாளே கோதுமை மாவு டின் மாடிக்குப் போயிற்று. சப்பாத்திப் பலகையும் கட்டையும் கழுவப்பட்டு, வெயிலில் காய்ந்து அதன் பின்னாலேயே போயின. பெருங்காய டப்பாவை நானே எடுத்து நீட்டினேன். "இதுலயும் மைதா இருக்கு அத்தை." "அப்படியா! நல்லவேள சொன்ன" என்று வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். என் கணவர் மில் திறக்கும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காத்திருந்தார். மெஷினைத் துடைக்கச் சொல்லி, கூடவே நின்று, ஒரு படி அரிசியை ஓடவிட்டுத் தள்ளி, கேழ்வரகும் பச்சரிசியும் அரைத்துச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார்.

"மில்லுக்காரன் சிரிச்சானாங்க?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சிரிக்கிறான்? அக்காவுக்கு ஒடம்புக்கு ஆவாதுன்னேன். பாவம்னான்."

அவர் முகத்தில் கூச்சம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

வயிற்றெரிச்சல் இருந்தாலும் கிடைத்ததை விடுவானேன் என்று சமையலில் இறங்கினேன். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, பட்டினச்சேரி மீன் வந்த அன்றைக்குச் சங்கராக் குழம்பும் ஆப்பமும். எதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. அடையை மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சப்பாத்தி எங்கே என்று என் கணவர் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அண்ணி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அந்தச் சிநேகிதிக்கு அனுப்பினார். "பிரதீபா, நீ மட்டும் பாரீஸ்ல இருந்தா கடையே போட்டுடலாம்" என்றார்.

எனக்கு வயிற்று வலி நின்றது. சாப்பிட்டதும் கொல்லைப்பக்கம் ஓடுவது நின்றது. துணி ஊறவைத்து, துவைத்து, மாடியில் காயப்போட்டு இறங்கியபோதுதான் மூச்சு வாங்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. "லோகு வந்த சாக்குல நீ நல்லா ஒடம்பு வச்சிட்டடி" என்றார் மாமியார். சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

அண்ணியிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கும் குழாய் விட்டுப் பாத்தாங்களா அண்ணி?"

"சேச்சே, அதெல்லாம் எதுக்கு? நம்ம ஒடம்பு நமக்குத் தெரியாதா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணியின் வியாதி வியாதியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வியாதி இருக்கும்வரைதான் என் குடலுக்கு நிம்மதி.

அக்காவும் தம்பியும் ஒரு சாயங்காலம் திருமலைராயன்பட்டினத்தில் யாரையோ பார்த்துவிட்டு வந்தார்கள். நான் இடியாப்பத்தை ஆறாமல் மூடி வைத்துக் காத்திருந்தேன். வாசலில் ஏறும்போதே சால்னா வாசனை. "அந்தக் கட வாசன இருக்கே, தாங்கல பிரதீபா. ஒரு பிளேட்டு கொத்து பரோட்டா. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிடாது" என்று அண்ணி சிரித்தார். பரோட்டாவில் மைதாவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மாமியார் ஓமத்தைக் கொதிக்கவைக்க ஓடினார். மகள் எப்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வாளோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டார்.

அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்ற மாமியார் மெல்ல என் பக்கம் திரும்பினார். "அவ ஒரு பிளேட்டு பரோட்டாவத் தின்னுட்டு அசையாம ஒக்காந்திருக்கா. நீ மாவு பறந்துச்சுன்னு படுத்துக்கிட்டியே" என்றார். மகளுக்கு வியாதி இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இல்லை என்று தோன்றிவிட்டது.

அண்ணி ஊருக்குக் கிளம்புகிறதற்கு முதல் நாள் பெட்டி அடுக்க உதவினேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணி, போறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. உங்களோடது வேற, என்னோடது வேறன்னு. நான் சொன்னா எடுபடல. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அண்ணி கையிலிருந்த புடவையை மடித்ததையே மறுபடி மடித்தார். "சொன்னா, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடுமே பிரதீபா. அம்மா எனக்காக என்னல்லாம் பண்ணாங்க. நாடகம் ஆடிட்டேன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க அண்ணி. நீங்க நாளைக்குப் போயிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும்."

"அம்மா மனசு கஷ்டப்படும்" என்றார். அப்புறம் பெட்டிக்குள் கையை விட்டு, கோதுமை இல்லாத பிஸ்கட் பாக்கெட் இரண்டை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ வச்சுக்க. நெசமாவே உனக்குத்தான் இது வேணும்."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. அந்த நிமிஷம் அண்ணியை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. பிஸ்கட்டையும் நான் தின்னவில்லை. மாமியார் எடுத்து ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பிரான்ஸ் பிஸ்கட் என்று ஆளுக்கொன்று கொடுத்துத் தீர்த்தார்.

அண்ணியின் கார் காலையில் சென்னைக்குக் கிளம்பியது. சாயங்காலம் மாவு டின் மாடியிலிருந்து இறங்கியது. "அப்பாடா, இனிமே நம்ம சாப்பாட்டச் சாப்பிடலாம்" என்று அதை என் முன்னால் வைத்தார் மாமியார்.

"நான் பிசைய மாட்டேன் அத்தை" என்றேன்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அடுப்படியில் மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. கூடத்தில் டிவி சத்தம் குறைந்தது.

"அண்ணி இருந்த வரைக்கும் எனக்கு ஒரு நாள்கூட வயிறு வலிக்கல அத்தை. ஒரு வேளகூடப் படுக்கல. நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேனே. லோகுக்காக ஓடியாடிச் செஞ்ச. கையில வேல இருந்தா வியாதி எங்கேருந்து வரும்?"

நான் ஆரோக்கியமாக இருந்ததையே எனக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிட்டார். மாமியார் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, முனகிக்கொண்டே மாவு பிசைந்தார். தேய்த்தார். வெள்ளையாகப் பறந்த மாவு அடுப்பு மேடையில், என் கல்லில், ஊறவைத்திருந்த என் அரிசியில் இறங்கியது. நான் கொல்லைக் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

என் கணவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "நீங்களாவது சொல்லுங்க" என்றேன். என் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சப்பாத்தியில் ஒரு துண்டைப் பிய்த்து, குருமாவில் தோய்த்து எடுத்துக்கொண்டு, எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு. பயத்த விடு பிரதீபா. பயந்தான் உன்னப் படுத்துது. அக்கா சாப்பிட்டுச்சுல்ல?"

குரலில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி கனிவாகச் சொன்னார். கல்யாணத்தன்று பால் பழம் ஊட்டிய பிறகு அவர் தன் கையால் எனக்கு ஊட்ட வந்தது இதுதான். பிரசவத்துக்குப் பின் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுகூட ஊட்டியதில்லை. ஒரு வாய், ஒரே ஒரு வாய் ஊட்டமாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். மாமியார் கட்டையை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். குருமா அவர் விரலிலிருந்து வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது.

"கை வலிக்குது பிரதீபா" என்றார். "வாயத் திற."