மிசாகோ துளைத்த தொட்டி

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுவேனா நட்டைத் திருகினாள். கீழே நட்டு சுற்றச் சுற்ற, மேலே தொட்டிக்குள், குழாய் இணைப்பதற்காக அடித்துளையில் செருகியிருந்த டேங்க் நிப்பிளின் தலையும் கூடவே சுற்றியது. இப்படித் திருகினால் விடிய விடியத் திருகலாம், இறுகாது. உள்ளே கைவிட்டுத் தலையை ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும், அடியிலிருந்து ஒருத்தர் திருக வேண்டும். ஆளுயரத் தொட்டியில் இரண்டையும் ஒருத்தியே செய்ய அவளுக்கென்ன துதிக்கையா முளைத்திருக்கிறது?

"தாவுஸி, கொஞ்சம் வந்து பிடியேன்டி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வாசலில் உட்கார்ந்து மீன் அனுப்புகிற பைகளைப் பிரித்துக்கொண்டிருந்த தாவுஸி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேற என்ன வேணா சொல்லுக்கா, ஓடியாந்து செய்யறேன். அந்தத் தொட்டிக்குள்ள மட்டும் கைய விட மாட்டேன். துளை போட்டவரு இன்னும் மாட்டலியே."

"அவரு எங்கேருந்துடி வந்து மாட்டுவாரு? ஏரிக்குள்ளேருந்தா?"

"ஐயோ, வாயக் கழுவுக்கா!"

டாங்கனிகா ஏரியின் கிகோமா கரையில் வண்ண மீன்களை உயிரோடு ஏற்றுமதி செய்கிற கொட்டகைகளில் இது ஒரு வழக்கம். கண்ணாடியில் துளை போட்டவன்தான் அந்தத் துளையில் நிப்பிளை மாட்ட வேண்டும். விளிம்பு எங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது என்பது போட்ட கைக்குத்தான் தெரியும், ஒழுகினால் பழியும் அவனுக்குத்தான். துளை போட்டவன் மாட்டி முடிக்கிறவரை வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை. அவள் புருஷன் மிசாகோ இந்தத் துளையைப் போட்டுவிட்டு, ஈரத்துணியை அதன்மேல் போட்டு, "வந்து மாட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, காய்ச்சலில் கிடந்த முக்குளிப்பவனுக்குப் பதிலாக மீன் பிடிக்கப் படகேறினான். டாங்கனிகா அவனைத் திருப்பித் தரவில்லை. அத்தனை ஆழமான ஏரியில் யார் இறங்கித் தேடுவது? ஊரே வந்து உகாலிக் களி தின்று துக்கம் கேட்டுப் போயிற்று. சுவேனாவுக்குத்தான் அழுகை வரவில்லை, கோபம் கோபமாக வந்தது. வந்து மாட்டிக்கிறேன் என்று சொன்னவன் வரவேண்டாமா?

காலையில் முதலாளி வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமலே பேசினார். "இன்னிக்குப் படகு வருதும்மா. அது வர்றதுக்குள்ள இந்தத் தொட்டியில தண்ணி நிக்கணும். நிக்கலேன்னா கொட்டகைய டவுன் ஆளுகிட்டக் குடுத்துருவேன். பின்னாடி ரூமும் அவனுக்குத்தான். என்னைக் கோவிச்சுக்காத, மீனு சாவக்கூடாதில்ல."

அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் தாவுஸியிடம் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் நிப்பிளைத் துளையில் செருகி வைத்துவிட்டுத்தான் பூட்டிக்கொண்டு போனாள். ரப்பர் வாஷரை உள்பக்கம், தண்ணீர் நிற்கிற பக்கம், தலைக்கு அடியில்தான் போட்டிருந்தாள். காலையில் திறந்து பார்த்தால் வாஷர் வெளிப்பக்கம், நட்டுக்கு மேலே இருக்கிறது. பூட்டு பூட்டினபடி, சாவி அவள் இடுப்பில். மிசாகோ எப்போதும் அப்படித்தான் போடுவான். "பாரம் முழுக்கக் கீழதானடி இறங்குது, ரப்பரு கீழ இருந்தாத்தானே தாங்கும்?" என்பான். மரை வழியே நீர் கசியும் என்று தலையால் அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டான். தொட்டிக்கொரு சண்டை. கடைசியில் அவள்தான் கழற்றி மாற்றிப் போடுவாள். இன்று காலையும் கழற்றி மாற்றிப் போட்டாள்.

திரும்பவும் அடியில் போய்ப் படுத்தாள். ஆத்திரம் தாங்கவில்லை. "போட்டுட்டுப் போனியே, நீதான்யா வந்து பிடிக்கணும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் திருகினாள்.

மேலே தலை சுற்றவில்லை.

இன்னொரு தடவை திருகினாள். நட்டு மட்டும் ஏறியது. ரப்பர் நசுங்குவது விரலுக்குத் தெரிந்தது. தாவுஸி வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வாசலில் தாவுஸி முதுகைக் காட்டிக்கொண்டு பையைப் பிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மணலில் காயப்போட்ட டகா என்கிற பொடிமீனின் வாடை கொட்டகைக்குள் வந்துகொண்டிருந்தது. சுவேனா மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினாள். கொஞ்சம் கூடுதலாகவே திருகிவிட்டாள் போல. கண்ணாடியில் டொக் டொக் என்று விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. போதும், கண்ணாடி கீறல் விட்டுடும் என்று அர்த்தம். மிசாகோ வாயால் சொல்ல மாட்டான், எப்போதும் இப்படித்தான் தட்டுவான்.

அவள் எழுந்து பார்த்தபோது தொட்டிக்குள் யாருமில்லை. துளையைச் சுற்றி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

நிப்பிளின் கீழ்வாயை மூடியால் அடைத்துவிட்டு, குழாயை எடுத்துத் தண்ணீர் விட்டாள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்தாள். தொட்டி நிறைந்தது. தாள் மொரமொரவென்று அப்படியே கிடந்தது. தடவித் தடவிப் பார்த்தாள், ஒரு பொட்டு ஈரமில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு தொட்டி நின்றதில்லை.

"அக்கா, படகு தெரியுது!" தாவுஸி எழுந்து நின்று கத்தினாள். எட்டித் தொட்டியைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்தது. "அடி ஆத்தீ, நின்னுடுச்சே! எப்படிக்கா? முடிச்சிட்டியா? மொதலாளிகிட்ட ஓடிப்போய்ச் சொல்லட்டா?"

முடிச்சிட்டியா என்று அவள் கேட்டதும் சுவேனாவுக்கு உறைத்தது. துளை போட்டவன் மாட்டியாகிவிட்டது. இனி அவனுக்கு இங்கே என்ன வேலை? எதற்காக வருவான்? அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா? சொல்லட்டாக்கா?"

"சொல்லாத," என்றாள். "இன்னும் முடியல."

தொட்டிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தாள். முதலாளியின் முகமும் பின்னாலிருக்கிற அறையும் அறைக்குள் கிடக்கிற பாயும் மனசில் வந்து போயின. நட்டைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். முதல் சொட்டு நெற்றியில் விழுந்து காதோரம் இறங்கியது, அப்புறம் விடாமல் சொட்ட ஆரம்பித்தது. செய்தித்தாள் நனைந்து கறுத்தது. நட்டு அவள் கையோடு சுலபமாகக் கழன்று வந்தது. மேலே அந்தத் தலை மட்டும் இம்மியும் சுற்றாமல், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் நின்றுகொண்டிருந்தது.